மலைக்கு எடுத்துப்போன மீன்வலை

நவம்பர் 4

வலது முழங்கால் இன்றைக்கும் மக்கர் செய்தது. மலை உச்சியில் சண்டைக் காலத்தில் போட்ட சிமெண்டுத் தரை வரைக்கும் ஒழுங்காக வந்துவிட்டு, இறங்கும்போதுதான் தன் குணத்தைக் காட்டியது. சாம் நுவாவிலிருந்து வந்த மூன்று டீச்சர்களில் ஒருத்தி கல்யாண வீட்டுக்குப் போடுகிற குதிகால் செருப்போடு ஏறினாள். அவளே எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டாள். வழி தெரியாதவர்கள் முன்னால், வழிகாட்டி பின்னால்.

அடிவாரத்தில் வழக்கம்போல மலையைப் பார்த்து நின்று மூன்று பேர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன். "வாங்கம்மா, எல்லாரும் வீட்டுக்கு வாங்க, மேல யாரும் தங்க வேணாம்." மனித உடம்பில் முப்பத்திரண்டு குவான், அதாவது உடம்பைக் காக்கிற சின்னச் சின்ன உயிர்கள், இருக்கிறது. அதில் ஒன்று மிரண்டுபோய் ஏதாவது பாறையடியில் உட்கார்ந்துவிட்டால் சோறு இறங்காது, தூக்கம் வராது. அதுவும் இது சண்டை நடந்த மலை. கூப்பிடாமல் எப்படி விடுவது?

மாலாவன் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். "அந்த மலையையே கட்டியிருக்கலாமில்ல? என்னை எதுக்குய்யா கட்டின?"

ஒரு சேதி. லோம் மலைக்கு வழிகாட்டி கட்டாயம் என்ற விதி இனியும் வேண்டுமா என்று பார்க்க அதிகாரி ஒருவர் வருகிறாராம். ஊரே வந்து என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறது. நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன். உள்ளுக்குள் — சொல்லவா? விதி ஒழிந்தால் புத்தருக்கு ஒரு கூடை சாமந்தி. இருபது வருஷம் ஏறியாகிவிட்டது. மாலாவனின் நூடுல்ஸ் கடையே எங்கள் இரண்டு பேருக்கும் போதும்.

நவம்பர் 7

அதிகாரி வந்துவிட்டார். விலய்சக் என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. சட்டையில் மடிப்புக் கலையவில்லை, எங்கள் சாலையில் வந்தும். கடைக்குப் பின்னால் உள்ள அறையில் தங்கியிருக்கிறார்.

"மனசுல வச்சுக்காதீங்க மாமா. போர்டு வச்சா, அம்புக்குறி போட்டா, போன்ல மேப் இருந்தா, வழிகாட்டி எதுக்குன்னு மேல கேக்குறாங்க. நாளைக்கு நானே தனியா ஏறிப் பாக்கப் போறேன்."

நான் பெருமூச்சு விட்டேன். நன்றாகவே வந்தது. அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பிற்பகல் முழுக்க, யாருக்கும் தெரியாமல், மஞ்சள் பெயிண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பாறைக்குப் பாறை அம்புக்குறி போட்டேன். வழுக்குகிற இடத்தில் கயிறு கட்டினேன். இரண்டு வழி பிரிகிற இடத்தில், தப்பான வழிக்குக் குறுக்கே ஒரு மரத்தையே இழுத்துப் போட்டேன். அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு போனாலும் போய்ச் சேர வேண்டும்.

நவம்பர் 8

காலையில் போனார். நான் கடை வாசலில் நின்று புத்தரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஊர்க்காரர்கள், பிழைப்புப் போகிறதே என்று நான் தவிப்பதாக நினைத்துக்கொண்டார்கள். அவருக்குக் கால் தவறிவிட்டால் விதி இன்னும் இறுகிவிடுமே என்று நான் தவித்தேன்.

மத்தியானமே இறங்கிவிட்டார்! ஒரு கீறல் இல்லை. "அருமையா இருக்கு மாமா, அம்புக்குறியெல்லாம் யார் போட்டது?"

"சண்டைக் காலத்துல போட்டதா இருக்கும்," என்றேன்.

தொட்டுப் பார்த்தாரோ என்னவோ, விரலில் மஞ்சளாக இருந்தது.

நவம்பர் 10

விலய்சக் இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. கிளம்ப முடியவில்லை. இரண்டு நாளாகச் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. மாலாவன் வைத்த சூப்பை ஆறும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். சுகாதார நிலையத்தில் உப்புக் கரைசல் கொடுத்தார்கள். அதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாலாவன் என்னை அடுப்படிக்கு இழுத்தாள். "இறங்கினப்போ அந்தப் பிள்ளை பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டீங்களா?"

ஐயோ.

யாரும் கூப்பிடவில்லை. பெயிண்ட் வாங்க ஞாபகம் இருந்தது, கயிறு கட்ட ஞாபகம் இருந்தது, இது மட்டும் — போர்டில் எழுதி வைக்கிற விஷயமா இது?

சியங் பானை அழைத்து வந்தோம். குவான் அழைக்கிற வேலை எங்கள் ஊரில் அவருடையது; சின்ன வயதில் கோயிலில் இளம் பிக்குவாக இருந்தவர், இப்போது சாராயத்தோடு இருக்கிறார். "எங்கய்யா பயந்தீங்க?" என்று நேராகக் கேட்டார்.

அதிகாரி முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். சிமெண்டுத் தரைக்குப் பக்கத்தில் துருப்பிடித்த பீப்பாய் கிடக்கிறதே, அதற்குள்ளிருந்து யாரோ தும்மினார்களாம்.

"ஆடு," என்றேன். "அங்க எப்பவும் ஒரு ஆடு படுத்திருக்கும்."

"ஆடுன்னு எனக்குத் தெரியும் மாமா," என்றார் பாவம். "என் குவானுக்குத் தெரியலையே."

ஆக, பயந்த இடத்துக்கே கைவலை கொண்டுபோய்க் குவானை அள்ளி வர வேண்டும். யார் போவது? எல்லாரும் என் முழங்காலையே பார்த்தார்கள்.

நவம்பர் 11

மீன் அள்ளுகிற கைவலையைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறினேன். என் தலையெழுத்து, இன்றைக்கென்று பார்த்து இரண்டு ஜெர்மன் பையன்கள் வந்து நின்றார்கள். விதி இன்னும் இருக்கிறதே, அவர்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

மலை மேல் என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டான் ஒருவன். சின்னது, என்றேன்.

பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டேன். "விலய்சக்கோட குவானே வாப்பா, அது ஆடுதான், சூப் வச்சிருக்கு, வா." காற்றில் மூன்று தரம் அள்ளி, துணியால் மூடிக்கொண்டேன். இனி வீடு போய்ச் சேரும்வரை பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. பையன்கள் வழியெல்லாம் கேள்வி கேட்டார்கள். இது என்ன குழி? இங்கே யார் இருந்தார்கள்? நான் வாயைத் திறக்கவில்லை. கையைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். ஓரிடத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சியங் பான் விலய்சக் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார். அதிகாரி மூன்று கிண்ணம் சாப்பிட்டார். "ஆபீஸ்ல சொல்லிடாதீங்க மாமா," என்று சட்டைக் கையை நூலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஜெர்மன் பையன்கள் மாலாவனிடம் சொல்லிவிட்டுப் போனார்களாம்: எத்தனையோ போர்க்களம் பார்த்தோம், செத்தவர்களுக்கு இப்படி மரியாதை செய்து ஒரு வார்த்தை பேசாமல் அழுதுகொண்டே கூட்டிப்போன வழிகாட்டியைப் பார்த்ததில்லை என்று.

நவம்பர் 19

விலய்சக் போன் செய்தார். "வழிகாட்டி கட்டாயம் இல்லைன்னு எழுதிட்டேன் மாமா. ஆனா அடிவாரத்துல ஒரு ஆள் உக்காந்தே ஆகணும், இறங்குறவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடணும்னு சேத்திருக்கேன். காரணம்னு கேட்ட இடத்துல பாதுகாப்புன்னு போட்டேன்."

அந்த ஆள் நான்தான். நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். கை வைத்த நாற்காலி!

சாமந்தி ஒரு கூடை வைத்துவிட்டேன்.

நவம்பர் 27

உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டேன். உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 9

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ஒட்டுச்சோற்றை உருட்டி உருட்டிக் கையிலேயே வைத்திருக்கிறேன். மாலாவனின் சூப் வெந்நீர் மாதிரி இருக்கிறது. இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன், அது வேறு தகராறு. படுத்தால் தூக்கமும் இல்லை. முழங்கால் வலிகூட இல்லை, அப்புறம் என்ன கேடு எனக்கு?

மாலாவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "இருபது வருஷமா வந்தவன் போனவன் பேரையெல்லாம் கூப்பிட்டியே. உன் பேரை என்னைக்காவது கூப்பிட்டியா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஒருநாள்கூட இல்லை. ஏறுகிறவர்கள் அவர்கள், நான் வேலைக்குப் போகிறவன் — அப்படித்தான் நினைத்திருந்தேன். தினமும் ஏறி இறங்கினவரைக்கும் குவான்கள் என்னோடு போக வர இருந்திருக்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும், பாவம், மேலேயே தங்கிவிட்டன. இப்படி ஒரு முட்டாளை இந்த ஊர் பார்த்திருக்காது.

"இவன் குவான் யார் கூப்பிட்டாலும் வராது," என்றார் சியங் பான். "யாருக்கு இவன் பயப்படுறானோ அவங்க போகணும்."

எல்லாரும் மாலாவனைப் பார்த்தார்கள். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அவள் போக மாட்டாள். எனக்குத் தெரியும். அவள் அப்பா புன்தா சண்டைக் காலத்தில் அந்த மலைக்கு அரிசி மூட்டை சுமந்துகொண்டு போனவர். திரும்பி வரவில்லை. அவளுக்கு அப்போது ஐந்து வயது. இந்த மலையின் நிழலில் பிறந்து வளர்ந்தவள், ஒருநாள்கூட ஏறியதில்லை. நான் வழிகாட்டி ஆனபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அங்க என்ன கதை வேணும்னாலும் சொல்லு. எங்கப்பன் கதையை மட்டும் டிக்கெட் வாங்கினவனுக்குச் சொல்லாத." சொன்னதில்லை.

டிசம்பர் 10

"விடு, குவான் இல்லாமயே இருந்துட்டுப் போறேன். எத்தனை அதிகாரிங்க அப்படித்தான இருக்காங்க," என்றேன்.

மாலாவன் சிரிக்கவில்லை.

டிசம்பர் 11

காலையில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். நான் செருப்பைத் தேடினேன். "நீ வர வேணாம். வழிகாட்டி கட்டாயம் இல்லைன்னு எழுதிட்டாங்கல்ல?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. ஏன் போகவிட்டேன்? சோறு இறங்கலேன்னா செத்தா போயிடுவேன்? அம்பத்தஞ்சு வயசுக்காரி, தனியா, அந்த இடத்துக்கு... நான் ஒரு மனுஷனா? அப்பா போன வழியைக் கண்டால் அவளுக்கு என்ன ஆகுமோ என்று எழுந்து எழுந்து மலையைப் பார்த்தேன். கடைக்கு வந்த ஆள் சூப் கேட்டான், போய்யா என்று விரட்டிவிட்டேன்.

வெயில் சாய்ந்தபின் வந்தாள். வலையை முக்காட்டுத் துணியால் மூடியிருந்தாள். பேசவில்லை. என் மணிக்கட்டில் நூலை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"கம்பேங்னு உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், வரல. சோம்பேறின்னு கூப்பிட்டேன், அதுக்கும் வரல. சூப் ஆறுதுன்னேன். வலை கனத்துச்சு."

சியங் பான் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் அவர் பக்கம் திரும்பி, "எங்கப்பாவையும் கூப்பிட்டேன்," என்றாள்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "செத்தவங்களுக்கு வலை கிடையாதும்மா. கோயில்ல சோறு வைக்கணும்."

"அது தெரியாதா எனக்கு? வலையை வச்சுக் கூப்பிடல. சும்மா கூப்பிட்டேன். சின்ன வயசுல வாசல்ல நின்னு கூப்பிட்டது. அப்புறம் கூப்பிடவே இல்ல."

நான் அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன். அவள் எனக்குச் சூப் ஊற்றிக் கொடுத்தாள். வெந்நீர் மாதிரி இல்லை.

டிசம்பர் 12

விடிந்து வெகுநேரம்வரை தூங்கினேன்.

டிசம்பர் 21

சவன்னகெத்திலிருந்து ஒரு குடும்பம். வழிகாட்டி வேண்டாமென்றால் வேண்டாம், போர்டு இருக்கிறது என்று நான் நாற்காலியிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கும்போது மாலாவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான் கூட்டிட்டுப் போறேன்."

கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

ஜனவரி 8

வழிகாட்டி கட்டாயமாக இருந்த காலத்தில் முணுமுணுத்துக்கொண்டே என்னோடு வந்தவர்கள் இப்போது கட்டாயம் இல்லாதபோது அவளைத் தேடி வருகிறார்கள். ஒரு பள்ளிக்கூடமே வந்தது இன்றைக்கு. எனக்கு நூடுல்ஸ் வேகவைக்கவே நேரம் சரியாக இருக்கிறது. என் சூப்பைப் பற்றி ஊரில் பேசுவது காதில் விழத்தான் செய்கிறது.

பிள்ளைகளோடு வந்த ஆசிரியர் இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிடாமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு வலை வேலை வந்துவிட்டதோ என்று பயந்துபோய் என்னவென்று கேட்டேன்.

"அந்த அம்மா, சிமெண்டுத் தரையில எல்லாரையும் உக்கார வச்சு, அரிசி சுமந்த அவங்க அப்பா கதையைச் சொன்னாங்க. கடைசியா ஏறின அன்னைக்கு அவர் அவங்க காதுல என்ன சொன்னார்னு சொன்னாங்க பாருங்க... உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாது. கட்டினவன் நான். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவன். அவள் கேட்கவிடவில்லை, நானும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பள்ளிக்கூடம் முழுவதுக்கும் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அவளிடம் கேட்டேன். என்ன சொன்னார் உங்கப்பா?

"இங்க வச்சுச் சொல்ல மாட்டேன். அங்க வச்சுத்தான் சொல்லுவேன்."

நாளைக்குக் கடை லீவு. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறப் போகிறேன். முழங்கால் பிடித்தால் பிடிக்கட்டும்.

"வா," என்றாள். "ஆனா கூட்டத்தோட வரணும். முன்னாடி போய் வழி காட்டக் கூடாது, ஆமா."