இடப்பக்கம் இரண்டு அடி

ஜூலை 26, சனி

பயிற்சி முகாமில் காலைச் சாப்பாட்டின்போது முள்கரண்டி இடது கையிலிருந்து நழுவியது. நழுவியதே எனக்குத் தெரியவில்லை. தரையில் சத்தம் கேட்டுத்தான் குனிந்தேன். எதிரே இருந்த சியோனே எடுத்து மேசைமேல் வைத்தான், ஒரு வார்த்தை பேசாமல். ஏழு வருஷமாக அமெரிக்கக் கால்பந்தில் எனக்குப் பின்னால் கடைசிக் காவலாக நிற்கிறவன். என் ஷூ கயிறு அவிழ்ந்தால்கூட நாள் முழுக்கக் கிண்டல் பண்ணுகிறவன். இன்றைக்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டான்?

நேற்றுப் பயிற்சியில் இடது தோளால் மோதினேன். கழுத்திலிருந்து விரல் நுனிவரை தீ ஓடியது, பிறகு கை மரத்துவிட்டது. போன வருஷம் அரை நிமிஷத்தில் சரியாகும். இப்போது மறுநாள்வரை இழுக்கிறது. ஆகஸ்ட் 26 அன்று எங்கள் தொண்ணூறு பேரை ஐம்பத்துமூன்றாக வெட்டுவார்கள். அதுவரை ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் எனக்குப் பதினோராவது வருஷம் கிடையாது. ஷெரீஸிடமும் சொல்லப் போவதில்லை. கட்டிய மனைவிதான், ஆனால் அழுவாள்.

ஜூலை 29

கைப்பிடிச் சோதனை. எங்கள் காயங்களைப் பார்க்கிற ஹாலரன் கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். முதலில் இடது கை. உயிரைக் கொடுத்து அழுத்தினேன். வந்த எண்ணை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, வலது கையால் அதே எண் வரும்வரை மட்டும் அழுத்தினேன். இரண்டும் அறுபத்திரண்டு. "சரி, போ" என்றார். பத்து வருஷ அனுபவம் சும்மாவா.

வெளியே வந்தால் கதவருகே சியோனே. அவன் முறை மத்தியானம்தானே?

ஆகஸ்ட் 2

சியோனே தன் இடத்தில் நிற்பதில்லை. பந்து கிளம்புவதற்குள் முன்னேறி, வழக்கத்தைவிட இரண்டு அடி என் இடப்பக்கமாக வந்துவிடுகிறான். இன்று பந்தோடு ஓடிவந்தவர்களில் நான் சாய்க்க வேண்டிய மூன்று பேரை அவன் சாய்த்தான். கோச் டெக்கர் ஏதோ குறித்துக்கொண்டார்.

"என்னடா, என் வயித்துல அடிக்கப் பாக்கிறியா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"அடிச்சாலும் உனக்கு வலிக்காது பெரிசு. அவ்வளவு கொழுப்பு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 5

அவனும் ஹாலரனும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.

ஆகஸ்ட் 9

முதல் பயிற்சி ஆட்டம். எதிரணி பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஏழு தடவையில் ஆறு தடவை என் இடப்பக்கம். ஆறு! அவர்களுக்குமா சொல்லிவிட்டான்? பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது, எழுதும்போதே தெரிகிறது. ஆனால் எண்ணிப் பார்த்தேன், ஆறுதான்.

ஆகஸ்ட் 11

ஷெரீஸ் போனில்: "உன் குரலே சரியில்ல. சியோனேகிட்ட கேக்கட்டுமா?"

"அவன்கிட்ட எதுக்கு? அவன் உன்கிட்ட என்ன சொன்னான்?"

"அவன் என்கிட்ட சொல்ற மாதிரி என்ன இருக்கு, கோர்டெல்?"

வேலை இருக்கிறதென்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16

ஹாலரன் நடந்துபோகிற போக்கில், "கழுத்து எப்படி இருக்கு?" என்றார். கழுத்து! அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. முள்கரண்டியைப் பார்த்தவன் ஒருத்தன்தான்.

நேராக உடைமாற்றும் அறைக்குப் போனேன். இருபது பேர் முன்னால் கத்தினேன். "கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேடா. என் இடம் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? இனிமே என் பக்கத்துல வந்து நிக்காத."

சியோனே கணுக்காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "முடிச்சிட்டியா?" என்றான். பட்டியைக் கடித்து அறுத்தான். "சரி. நிக்கல."

மனசு ஆறவில்லை. ஆறியிருக்க வேண்டாமா?

ஆகஸ்ட் 22

கடைசிப் பயிற்சி ஆட்டம். சியோனே இன்று தன் இடத்திலேயே நின்றான். மூன்றாவது ஓட்டம் என் இடப்பக்கம். நான் தனி. வலது தோளைக் கொடுக்கத் திரும்புவதற்குள் பந்தோடு ஓடிவந்தவன் முட்டி என் ஹெல்மெட்டில் இடித்தது.

விழுந்து கிடந்தேன். கைகளைத் தூக்கச் சொன்னேன், இரண்டும் கேட்கவில்லை. முதலில் வந்து மண்டியிட்டவன் சியோனே. "அசையாத. கழுத்தத் திருப்பாத. நான் இருக்கேன்." பயந்துவிட்டேன், எழுதிவை, ரொம்பவே பயந்துவிட்டேன்.

(இதையும் இனி வருவதையும் ஆஸ்பத்திரியில் ஷெரீஸ் எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல.)

ஆகஸ்ட் 24

வலது கை பாதி திரும்பியிருக்கிறது. இனி ஆட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கழுத்தில் நரம்பு போகிற பாதை குறுகிப்போய்விட்டதாம்.

டெக்கர் கோச் வந்தார். "யாரு கோச் சொன்னது?" என்று கேட்டேன். அவர் பயிற்சி வீடியோவைப் போட்டார். நான் வலது தோளால் மோதுகிறேன். அடுத்தது, வலது தோள். இடப்பக்கம் வருகிறவனுக்குக்கூட உடம்பை முழுசாகச் சுழற்றி வலது தோள். "வீடியோ பாக்கிற எவனுக்கும் தெரியும். எதிரணிக்கும் கண்ணு இருக்குல்ல. நான்தான் ஹாலரன்கிட்ட கழுத்தப் பாக்கச் சொன்னேன்."

ஹாலரன் கதவருகில் நின்றபடி, "ரெண்டு கையும் ஒரே எண் காட்டுற மனுஷன நான் பாத்ததே இல்ல. அன்னைக்கே நிறுத்தியிருக்கணும்" என்றார்.

பத்து வருஷம் மற்றவன் வீடியோவைப் பார்த்து அவன் பலவீனத்தைக் கண்டுபிடித்துச் சம்பாதித்தவன் நான். என் வீடியோவில் என்னைப் பார்க்கத் தோன்றவில்லை.

அதே வீடியோவில் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு தடவையும், பந்து கிளம்பும் முன், சியோனே என் இடது தோளைப் பார்க்கிறான். பிறகு இரண்டு அடி நகர்கிறான்.

ஆகஸ்ட் 26

வெட்டு நாள். சியோனே தப்பிவிட்டான். அங்கிருந்து நேராக இங்கே வந்தான்.

"ஹாலரன்கிட்ட அன்னைக்கு என்ன பேசின?"

"உனக்கு ஏதாச்சும் பிரச்சினையான்னு கேட்டாரு. தெரியாதுன்னேன்."

"தெரியாதா?"

"கரண்டி விழுந்தப்பவே தெரியும். நீயா சொல்லுவேன்னு பாத்தேன். தப்பு பண்ணிட்டேன் பெரிசு. காட்டிக்குடுத்திருக்கணும்."

மன்னிப்புக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். இருபது பேர் முன்னால் திட்டிவிட்டு நான்கு சுவருக்குள் மன்னிப்புக் கேட்கிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

கையெழுத்து கோணல்தான், ஆனால் என்னுடையது. ஷெரீஸ் காபி நீட்டினாள். வலது கையால் வாங்கினேன். இடது கை மடியில் கிடந்தது, அவளும் பார்த்தாள்.

சீசனின் முதல் ஆட்டம் டிவியில். என் இடத்தில் புதிய பையன், இரண்டு தோளாலும் மோதுகிறான். மூன்று மணி நேரம் சியோனேயை மட்டுமே பார்த்தேன். ஒரு தடவைகூட அவன் இடப்பக்கம் நகரவில்லை.