பண்பொழித் தோப்பில் என் ஆட்கள்

ஜூன் 23, திங்கள்

விடியும் முன்பே சாரல். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். சாலை முழுக்க வெளியூர் வேன்.

பிமலும் அவன் நடவு ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். தென்காசி ஸ்டேஷனில் இறங்கும்போதே எல்லோருக்கும் கண் சிவந்து கிடந்தது. வங்காளத்திலிருந்து எத்தனை ரயில் மாறி வந்தார்களோ. இலஞ்சியில் மூடிக் கிடக்கும் அரிசி ஆலையில்தான் இந்த வருஷமும் தங்கல். கூரை ஓர் இடத்தில் ஒழுகுகிறது. தார்ப்பாய் வாங்க வேண்டும். கடுகு எண்ணெய், உருளைக்கிழங்கு, கேஸ். ஆதார் நகல்களைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும்.

புதிதாக ஒருவன், நிதாய். பிமல் மச்சினன். கல்யாணம் ஆகி ஆறு மாசம்கூட இல்லை. போனில் பெண்டாட்டியிடம் பேசிக்கொண்டே டீ குடித்தான். சிரித்த முகம்.

நாளை பண்பொழி அண்ணாச்சி வயல். முதல் நடவு எப்போதும் அவருக்குத்தான். வீட்டுக்காரர் இறந்த பிறகு, வடக்கத்தி ஆட்களைக் கூட்டி வந்து நடவு செய்யப் போகிறேன் என்றபோது ஊரே சிரித்தது. ஆம்பளை நாற்று நடுவானா என்றார்கள். அண்ணாச்சி மட்டும், "என் வயல்ல வந்து நடு தங்கச்சி, சிரிக்கவன் சிரிக்கட்டும்" என்றார். அன்றிலிருந்துதான் இந்த வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிகிறது.

ஜூன் 24, செவ்வாய்

பண்பொழி. மலை உச்சிக் கோயில் தெரியவே இல்லை, ஒரே மேகம். பிமல் கயிறு பிடிக்க, மற்றவர்கள் பின்னாலேயே நகர்ந்து நட்டார்கள். பார்த்துக்கொண்டே இருக்கலாம். வரப்பில் போன இரண்டு பெண்கள்: "ஏட்டி, நம்மளவிட நேரா நடுதானுவ பாரு."

அண்ணாச்சியே போண்டா வாங்கி வந்தார். பிமலிடம் போன் நம்பர் கேட்டார். போட்டோ அனுப்பவாம். நானே நம்பரைச் சொன்னேன்.

பல்வலி. கிராம்பு வைத்தேன்.

ஜூன் 26, வியாழன்

பண்பொழி வேலை முடிந்தது. மதியம் வீரகேரளம்புதூர் ராஜம்மாள் மதினி போன். உறவு இல்லை, மதினி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. தனியாக விவசாயம் பார்க்கிறவள். "செல்வி, நாத்து முத்திட்டு வருது. நாளைக்கு ஆள் வந்துருமா?"

"காலைல உங்க வயல்ல நிப்பாவ மதினி, கவலையே படாதிய."

ஜூன் 27, வெள்ளி

ஆலையில் யாரும் இல்லை.

ஆட்களை ஏற்றிப் போகும் வேன்காரர் காதர் பாயோடு போனேன். கதவு திறந்து கிடந்தது. படுக்கை இல்லை, பாத்திரம் இல்லை. நான் வாங்கின தார்ப்பாயைக்கூட அவிழ்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பிமல் போன் அணைந்திருக்கிறது. மற்றவர்கள் போனும்.

முதலில் பயம். அவர்கள் ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "அவனுவ அப்படித்தாம்மா. கூலி கூட கெடைக்கும்னு கேரளாவுக்குப் போயிருப்பானுவ. நீ ரொம்ப நம்புனே."

கேரள எல்லை, புளியரை வரை போய் பஸ் நிறுத்தம் ஒவ்வொன்றிலும் விசாரித்தோம். யாரும் பார்க்கவில்லை.

ராஜம்மாள் மதினியிடம் சொன்னேன். ஒன்றும் திட்டவில்லை. "அப்ப என் நாத்த என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

ஜூன் 28, சனி

தெரிந்த ஏஜென்ட் எல்லோரிடமும் கேட்டாயிற்று. ஆள் இல்லை. சுரண்டைப் பக்கம் கெஞ்சி நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு நானும் வயலில் இறங்கினேன். குனிந்து நட்டு எத்தனை வருஷம். பாதி வயல்கூட முடியவில்லை. மதினி மோர் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், முகம் பார்க்காமல்.

இடுப்பு ஒடிகிறது. நாலு வருஷம் பிமலை வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறேன். அவன் சொல்லிக் கொடுத்த இந்திதான் எனக்குத் தெரிந்த இந்தி. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா.

ஜூன் 30, திங்கள்

காலையில் காதர் பாய் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "யக்கா, செங்கோட்டை சந்தையில நிதாயப் பாத்தேன். மீன் வாங்கிட்டு நின்னான். பின்னாலயே போனேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "நம்ம அண்ணாச்சி தோப்புலதான் எல்லாவனும் இருக்கானுவ. அவருதான் சொந்தக்காரங்க வயலுக்கெல்லாம் அனுப்புதாராம்."

நான் நம்பவில்லை. போனோம்.

மலையடிவாரத் தோப்பு. பம்புசெட் அறை முன்னால் என் தார்ப்பாய் கட்டியிருந்தது. அண்ணாச்சி நாற்காலியில். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை, தடுமாறவும் இல்லை.

"கேரளாவுக்குப் போயிட்டானுவன்னு சொன்னிய அண்ணாச்சி."

"ஆமா, சொன்னேன். இப்ப என்ன? அவனுவளுக்கு வேலை வேணும், எங்களுக்கு ஆளு வேணும். நடுவுல நீ எதுக்கு?"

"தங்கச்சின்னு சொன்னியளே."

"தங்கச்சிதான். அதுக்காக?"

பிமல் தென்னை மரத்தடியில் நின்றான். நான் இந்தியில் கேட்டேன், ஏன் என்று. அவன் தமிழிலேயே சொன்னான், அண்ணாச்சிக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ. "தீதி எங்கள செங்கல் சூளைக்கு விக்கப் போறாங்கன்னு சேட்டு சொன்னாரு." தீதி என்றால் அக்கா, நான்தான்; சேட்டு என்றது அண்ணாச்சியை.

"நீ நம்புனியா?"

காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். நிதாய் மட்டும் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம்.

ஜூலை 1, செவ்வாய்

எங்கும் போகவில்லை. துணி துவைத்தேன், காயவில்லை. அண்ணாச்சி செய்ததை நினைத்தால் கோபம் வருகிறது. பிமல் செய்தது வேறு மாதிரி. ஏதோ சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

மழை விட்டிருந்தது. சோறு வடிக்கும்போது பிமல் போன். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. எடுத்தேன். அழுகை. "கம்பி, தீதி, கம்பி. நிதாய் கம்பியில..."

தோப்பைச் சுற்றிப் பன்றிக்குக் கரண்டு வைத்த கம்பி போட்டிருக்கிறார் அண்ணாச்சி. யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை. விடிகாலையில் வெளிக்குப் போனவன் ஈரத்தில் தடுமாறிக் கையை வைத்துவிட்டான்.

தென்காசி ஆஸ்பத்திரி. நிதாய் நினைவில்லாமல் கிடந்தான். வலது கை முழுக்கக் கட்டு. வாசலில் அண்ணாச்சி, பிமல், ஒரு ஏட்டு.

ஏட்டு: "யாரு ஆளுங்கம்மா இது?"

நான் வாயைத் திறக்கும் முன்பே அண்ணாச்சி கை நீட்டினார். "இந்தா நிக்காள்ல, இவ கூட்டியாந்த ஆளுவ. எனக்கும் அவனுவளுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. ஈரக் கையோட மோட்டார் சுவிச்சத் தொட்டிருக்கான்."

ஏட்டு பிமலைப் பார்த்தார். "உன் முதலாளி யாருலே?"

பிமல் அண்ணாச்சியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "தீதி."

"எப்படி அடிபட்டான்?"

"மோட்டார்."

காலையில் என்னிடம் அழுத அதே வாய்.

நான் ஏட்டு பக்கம் திரும்பிச் சொன்னேன். "ஆளு நான் கூட்டியாந்ததுதான் சார். கம்பி நான் போட்டதில்ல."

"கம்பியா? என்ன கம்பி?"

அண்ணாச்சி சிரித்தார். "கிறுக்கு பிடிச்சிட்டு அவளுக்கு. பொழப்பு போன ஆத்திரம் சார்."

ஜூலை 4, வெள்ளி

போலீஸ் தோப்புக்குப் போய்ப் பார்த்ததாம். கம்பியும் இல்லை, கம்பம் நட்ட குழிகூட இல்லை. மூடி, மேலே தென்னமட்டை போட்டிருப்பார். அண்ணாச்சியின் தம்பி மகன் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு: "அத்தை, பேசாம இருங்க. ஆள் சப்ளை பண்ணினது நீங்கதான்னு உங்க மேலதான் கேஸ் வரும்."

நிதாய்க்கு இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர்.

பிமல் வார்டு வாசலில் நின்றான். பிடித்துக் கேட்டேன். அண்ணாச்சி எல்லோருக்கும் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாராம். இன்றைக்கே கிளம்பச் சொல்லியிருக்கிறாராம். வைத்தியச் செலவையும் அவரே பார்ப்பாராம், மோட்டார் என்று சொன்னால்.

"உன் மச்சினன்டா. உன் பெண்டாட்டி கூடப் பொறந்தவன்."

"நீங்க இருக்கீங்கல்ல தீதி" என்றான். எவ்வளவு நம்பிக்கை என் மேல். செங்கல் சூளைக்கு விற்பவள் என்று அவன் நம்பின என் மேல்.

போய்விட்டான்.

ஜூலை 5, சனி

காலையிலிருந்து வெயில். வார்டில் ஈ.

நிதாய் கண் விழித்தான். இட்லியை நனைத்துக் கொடுத்தேன். இடது கையால் வாங்கத் தெரியவில்லை, ஊட்டினேன். பிமல் எங்கே என்று கேட்டான். டீ வாங்கப் போயிருக்கிறான் என்றேன். கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கேட்கவில்லை. புரிந்துவிட்டது போல.

பதினோரு மணி போல ஏட்டு வந்தார். "இவன்கிட்ட வாக்குமூலம் வாங்கணும். இந்தி தெரிஞ்ச ஆளு யாரும் இருக்கா?"

"நான் சொல்லுதேன் சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவரையும் நர்ஸையும் சாட்சிக்கு நிற்கச் சொன்னார். நான் நிதாயிடம் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. என்ன நடந்தது, எதைத் தொட்டாய் என்று மட்டும் கேட்டேன். அவனுக்கு உதடு காய்ந்திருந்தது. கட்டுப் போட்ட கையையே பார்த்தான். இவனும் மோட்டார் என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன்.

"தார்" என்றான்.

ஏட்டு நிமிர்ந்தார். "தாரா? வாழைத்தாரா?"

"கம்பி சார். அவங்க பாஷையில கம்பி."

அவர் எழுத ஆரம்பித்தார்.