காலிக் கூடை என்று சொன்னவள் நான்தான்

மழை விட்டதும் வண்டித் தார்ப்பாயை எடுத்துக் கொடியில் போட்டேன். வண்டி கைமாறிப் போய்விட்டது, இது மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. ஐஸ் தண்ணியும் மீன் கவிச்சியும் கலந்த வாடை. நீங்கள் குளித்துவிட்டு வந்தாலும் உங்கள் மேல் லேசாக இருக்குமே, அதே வாடை. கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே நின்றேன். அப்புறம் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, முன்னே பின்னே இருக்கும்.

நேற்று கோர்ட்டுக்குப் போனேன். வாரிசு என்று உங்கள் இடத்தில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். கூண்டில் ஏறியதும் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த மத்தியானத்தை நினைக்காத நாள் இல்லை. காலையில் காரைக்கால்மேட்டிலிருந்து மீனோடு உங்கள் வண்டியில் ஏறும் பெண்கள் ஊர் ஊராக விற்று முடித்துவிட்டு, திரும்பி வர ரோட்டோரம் நிற்பார்கள். நீங்கள் பின்னால் ஏற்றிக்கொண்டு வருவீர்கள். மேட்டில் எல்லா மீன் வண்டிக்காரரும் செய்கிறதுதான். அன்றைக்கு விழிதியூர் தாண்டியதும் மாடு குறுக்கே வந்து, நீங்கள் பிரேக் போட, பின்னால் இருந்த நம் தெரு பாக்கியம் அக்கா ரோட்டில் விழுந்தார். கூடை சுமந்த வலது கை இன்றைக்கும் தோளுக்கு மேலே வராது. ஆஸ்பத்திரியில் வைத்து, "கேஸ் போடுக்கா. இன்சூரன்ஸ் கட்டித்தான வச்சிருக்கேன், கம்பெனி குடுக்கும்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

பிறகு அந்தக் கம்பெனி வக்கீல் நம் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவரைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. "கம்பெனிக்கும் உங்களுக்கும் சேர்த்து நான்தான் ஆஜராகப் போறேன். உங்க வக்கீல்னே நெனச்சுக்குங்க" என்று வக்காலத்தை நீட்டினார். பணம் கட்டியது நாம், அதனால் வக்கீலும் நம்முடையவர் என்றுதான் நாம் இரண்டு பேரும் நம்பினோம். நீங்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, டீ கொடுத்த என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வரும்போது கூடையில சரக்கு இருந்துச்சாம்மா?"

"எங்கங்க, எல்லாம் காலிக் கூடைதான். வித்துட்டுத்தான வருவாங்க. வெயில்ல நிக்கிறாளுவளேன்னு இவரு சும்மா ஏத்திட்டு வருவாரு. ஒரு பைசா வாங்குனது கெடையாது."

"விட்டா எனக்குக் கோயில் கட்டிருவா, சார்" என்றீர்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

மீனோடு ஏறியிருந்தால் கம்பெனி பொறுப்பாம். மீன் இல்லாமல் சும்மா ஏறியிருந்தால் வண்டிக்காரன் பொறுப்பாம். நமக்கு இது யார் சொன்னது? கோர்ட்டில் அவர் போட்ட பதிலை ஒருவர் படித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. நான் பெருமையாகச் சொன்னதெல்லாம் அதில் குற்றமாக இருந்தது. பாக்கியம் அக்காவுக்குக் கொடுக்க வேண்டியதை நம்மிடமே வசூலிக்கலாம் என்று இருந்தது. நம்மிடம் இந்த வீட்டை விட்டால் என்ன இருக்கிறது?

"அவரு நம்ம வக்கீல்தான? நானே கையெழுத்துப் போட்டேனே" என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். என்னைத் திட்டவில்லை. "நடந்ததத்தான சொன்ன" என்றீர்கள். திட்டியிருக்கலாம். அடுத்த மாதமே மீன் ஏலக்கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. என் வாய்தான் உங்களைக் கொண்டுபோனது என்று வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நேற்று கூண்டிலும் அந்தக் கம்பெனி வக்கீலேதான் என்னைக் கேட்டார். நீங்கள் இல்லாததால் இப்போது கம்பெனிக்கு மட்டும் வக்கீலாம். அதே மெல்லிய குரல். "கூடையெல்லாம் காலியாத்தானம்மா இருந்துச்சு?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இலவச சட்ட உதவியில் எனக்குக் கிடைத்த வக்கீலம்மா முன்பே சொல்லியிருந்தார்: "உங்க வீட்டுக்காரருக்கும் வக்கீலா இருந்து கேட்டத வச்சு அவரு, இப்ப உங்களையே மடக்கக் கூடாது. பயப்படாம அங்க சொல்லுங்க." பயந்துகொண்டேதான் சொன்னேன்.

"இத எங்க வீட்ல டீ குடிச்சிக்கிட்டே கேட்டீங்க, சார். எங்க வக்கீல்னு சொல்லித்தான் கேட்டீங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் பழைய தாள்களைப் புரட்டினார். "ரெண்டு பேருக்கும் நீங்களே வக்காலத்து போட்டிருக்கீங்களா?"

"வழக்கமா போடுறதுதாங்க ஐயா."

"வழக்கமான்னு நான் கேக்கல."

இந்தக் கேஸில் இனிமேல் அவர் வரக் கூடாது, கம்பெனி வேறு வக்கீலை வைக்கட்டும் என்று சொல்லி அடுத்த தேதி போட்டுவிட்டார். வெளியே வந்ததும் வக்கீலம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குச் சந்தோஷம் வரவில்லைங்க. புது வக்கீல் வருவார். அவர் நம் வீட்டில் டீ குடிக்காதவர். கம்பெனிக்காகக் கேட்பதுதான் அவர் வேலை. அவரும் இதையேதான் கேட்பார். அவரிடம் நான் என்ன சொல்லித் தப்பிப்பேன்? கூடை காலிதான். "கொஞ்சம் மத்தி மிச்சம் இருந்துச்சுன்னு சொல்லிரு, முடிஞ்சு போச்சு" என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். சொன்னால் வீடு நிற்கும். சத்தியம் செய்துவிட்டு எப்படிச் சொல்வது?

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தேன். பாக்கியம் அக்கா தெருக்குழாயில் இடது கையால் குடத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"சாப்ட்டியாடி?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். எதற்குக் கேட்கிறார், நான் சொல்வது எங்கே போய்ச் சேரும் என்று மனசு ஓடியது. வாசலில் போகிறவர்களை நிறுத்தி வைத்துப் பேசுவேன் என்று கேலி செய்வீர்களே, அவள்தான் நான்.

"என்னாடி, இதுக்குமா யோசன?"

"சாப்ட்டேன்க்கா" என்றேன்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் குடித்திருக்கவில்லை. கூண்டில் அசையாத நாக்கு அங்கே எவ்வளவு சுலபமாக அசைந்தது. அடுத்த தேதியில் அது என்ன சொல்லும் என்று எனக்கே தெரியவில்லைங்க.