காவல் இல்லாத ஊர்

6 ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நம் கம்ப்யூட்டர் போர் விளையாட்டில் உன் முறை வந்து சேர்ந்தது. திறந்து பார்த்ததும் "அடிப்பாவி!" என்று கத்திவிட்டேன். என் பாலத்தை உடைத்தாய், சரி. பக்கத்தில் ஒரே ஒரு குதிரைவீரனை எதற்கு நிறுத்தி வைத்திருக்கிறாய்? வெறுப்பேற்றத்தானே? கம்ப்யூட்டர் இப்படிச் செய்யாது. அதோடு ஆடுவது சுவரோடு பந்து விளையாடுவது மாதிரி. உன்னோடு ஆடினால்தான் வயிறு எரிகிறது.

அப்பா எட்டிப் பார்த்து, "வாரம் ஒரு அடின்னு ரெண்டு பேரும் எப்பதான் இந்தச் சண்டையை முடிப்பீங்க?" என்றார். "முடிக்கிறதுக்காப்பா ஆடறோம்?" என்றேன். மோட்டார் கழற்றிய கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது இது மூன்றாவது தடவை. எண்ணி வைத்திருக்கிறேன்.

என் முறையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பாலத்தைக் கட்டிவிட்டேன், போ.

உன் புத்தகப்புழு


13 ஜூலை

என் செல்லப் புழுவுக்கு,

வெறுப்பேற்றத்தான் நிறுத்தினேன். இங்கே வார்டில் இருபது கட்டில். நானும் இன்னொரு நர்ஸும்தான். வாரம் முழுக்க நின்று கால் வீங்கிப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை உன் முறையைத் திறக்கும்போதுதான் உட்காருகிறேன். நீ படையை நகர்த்தியிருப்பதைப் பார்த்தாலே உன் மனம் தெரிந்துவிடும். போன வாரம் அவசரம். இந்த வாரம் திமிர்.

விடுதியில் பக்கத்து அறைப் பெண் திரையை எட்டிப் பார்த்து, "ஆத்தங்கரையில இந்த ஊருக்குக் காவலே இல்லையே, உனக்கென்ன பைத்தியமா?" என்றாள். நான் 'அம்மா' என்று பெயர் வைத்திருக்கும் ஊர். "எதிர்ல ஆடறது என் தங்கச்சி. அவ அதைத் தொடமாட்டா" என்றேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


17 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். முறையை இணைத்திருக்கிறேன். தேர்வு நேரம். வேதியியல் பாடாய்ப் படுத்துகிறது. அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன். போன வாரமும் இதையேதான் சொன்னேன், தெரியும்.

புழு


24 ஆகஸ்ட்

புழு,

உன் முறையைத் திறந்தேன். 'அம்மா' எரிந்து கிடந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

அம்மா போன மூன்றாவது வாரமே நான் பெட்டியைக் கட்டினேன். வாசல்வரை வந்து, "பத்திரமா போயிட்டு வாக்கா" என்றாய். அழவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பக்குவமா என்று பயந்துகொண்டேதான் வண்டி ஏறினேன்.

உடனே வராவிட்டால் வேலை போய்விடும் என்று உன்னிடம் சொன்னது பொய். இன்னும் பத்து நாள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அம்மாவின் செருப்பு கிடந்த இடத்தைத் தாண்டி என்னால் நடக்க முடியவில்லை. ஓடி வந்துவிட்டேன்.

ஏன் விட்டுப் போனாய் என்று நீ என்றைக்காவது கேட்பாய் எனக் காத்திருந்தேன். இப்போது கேட்டுவிட்டாய். அழுதேன், ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. இன்னும் திட்டு, கண்ணு. வாய்விட்டே திட்டு.

அக்கா


31 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நான்கு தடவை எழுதி அழித்தேன்.

அந்த ஊரை நான் எரிக்கவில்லை. 'என் முறையைக் கம்ப்யூட்டர் ஆடட்டும்' என்று விளையாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியதிலிருந்து ஐந்து வாரமாக அதை அழுத்தித்தான் உனக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். என்ன ஆடியது என்றுகூடப் பார்க்கவில்லை. காவல் இல்லாத ஊர் என்றால் அது அடிக்கும். அதற்கு அம்மாவைத் தெரியாது.

எனக்கு உன்மேல் கோபமே இல்லை, அக்கா. சத்தியமாக. மன்னித்துவிடு.

புழு


14 செப்டம்பர்

புழுவுக்கு,

கடிதம் கிடைத்தது. உண்மையைச் சொன்னாய், நல்லது.

ஐந்து வாரமும் உன் ஆட்டத்தைப் பார்த்து, பிள்ளைக்கு ஏதோ மனக்கஷ்டம், அதுதான் இப்படி முரட்டுத்தனமாக ஆடுகிறாள் என்று கவலைப்பட்டேன். பக்கத்து அறைப் பெண்ணிடம்கூடச் சொல்லிப் புலம்பினேன். நீ கோபத்தில் எரித்திருந்தால் தாங்கியிருப்பேன். யாருமே எரிக்கவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இனி உனக்குச் சிரமம் வேண்டாம். என் பக்கத்தையும் கம்ப்யூட்டரிடமே விட்டுவிட்டேன். வாரம் தவறாமல் அனுப்பிவிடுகிறேன். அவை இரண்டும் ஆடிக்கொள்ளட்டும்.

நன்றாகப் படி. அப்பாவைப் பார்த்துக்கொள்.

அக்கா


12 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு ஞாயிறாக உன் முறை மட்டும் வருகிறது. கடிதம் இல்லை. "அக்கா என்ன எழுதியிருக்கா?" என்று அப்பா கேட்கிறார். "வேலை ஜாஸ்தியாம்பா" என்கிறேன். "ம்" என்கிறார். நம்பவில்லை.

கோபமே இல்லை என்று சத்தியம் செய்தேன் அல்லவா? அது பொய் என்று அப்போது எனக்கே தெரியாது. நீ போன அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா மூன்று தட்டு எடுத்து வைத்தார். ஒன்றை எடுத்துக்கொண்டு போய்த் திரும்ப அலமாரியில் வைத்தவள் நான். அவர் தலை நிமிரவில்லை. நான் வந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்குப் பிறகு உயிரியல் படித்தேன்.

இந்த நான்கு வாரமும் என் முறையை நானே ஆடினேன். இன்று உன் பெரிய கோட்டையைத் தரைமட்டமாக்கிவிட்டேன். ஒவ்வொரு வீரனையும் என் கையால்தான் நகர்த்தினேன். பத்து நாள் கேட்டிருக்கலாமே, அக்கா. பத்தே பத்து நாள்.

இதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் எதையாவது அடிக்கும். அது அடித்தால் எனக்கு வலிக்காது. நீ அடி.

உன் தங்கை