இது அல்வாத் துடுப்பு இல்லை, உம்மா

பிரான்ஸ்
ஜூன் 1984

அன்புள்ள உம்மாவுக்கு, மகன் நாகூர் மீரான் ஸலாம் சொல்லி எழுதுவது. வாப்பாவுக்கு இருமல் குறைந்ததா? நான் சுகம்.

துடுப்புக் கிடங்கில் வேலை என்று எழுதினேன். நீங்களோ, "மவன் பிரான்சுல அல்வா கிண்டுறான்" என்று திருமலைராயன்பட்டினம் முழுக்கச் சொல்லிவிட்டீர்களாமே! இது கயாக் என்ற ஒடுக்கமான படகைத் தள்ளும் துடுப்பு, உம்மா. இரண்டு முனையிலும் பலகை இருக்கும். தண்ணீருக்குத் தக்கதை எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை.

போன ஞாயிறு கடலில் நெடுந்தூரப் போட்டி. நானும் இறங்கினேன். மிதவைச் சட்டை போட்டிருந்தேன், பயப்படாதீர்கள். எங்கள் படகுச் சங்கத்தார் ஆற்றிலேயே பழகியவர்கள். பாறைகளுக்கு நடுவே சட்டென்று திருப்ப உதவும் குட்டையான, அகலமான துடுப்பையே கடலுக்கும் எடுத்தார்கள். நான் நீளமான, ஒல்லியானதை எடுத்தேன். கரண்டிக்காம்பு என்று சிரித்தார்கள். பாதித் தூரத்தில் அவர்களுக்குத் தோள் ஓய்ந்தது. நான்தான் முதலில் கரை தொட்டேன்!

ஒலிபெருக்கியில் "மிஹான், மிஹான்" என்றார்கள். அது நான்தான் என்று தெரியாமல் நானும் நின்று கைதட்டினேன்.

யாராவது வந்தால் எலுமிச்சை ஊறுகாயும் ஒரு கேசட்டும் கொடுத்தனுப்புங்கள். கேசட்டில் அதிகம் பேச வேண்டாம். வாசலில் நின்று "மீராங்கனி" என்று சாப்பிடக் கூப்பிடுவீர்களே, அப்படி ஒரு தடவை என்னைக் கூப்பிட்டால் போதும்.

தபால் வண்டி வந்துவிட்டது. துஆ செய்யுங்கள்.

உங்கள்
மீராங்கனி