இல்லாத சுவர்

மாப்ள,

இன்று புதுக்கோட்டையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் நின்றேன். கருத்தரங்குக்கான பேனர் மெஷினிலிருந்து இறங்கியது. அந்த மை நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. திடீரென்று நெஞ்சுவலி வந்து நீ போய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒருநாள் இப்படி ஒரு பேனரோடுதான் விராலிமலையில் உன் வீட்டுக்கு வந்தேன். விண்மீன் திரள் ஒன்று உருவாவதைக் கணினியில் கணக்குப்போட்டு, மலையாகக் குவிந்த எண்களை வானவில் நிறங்களில் படமாக்கியிருந்தேன். வாயு மெலிந்த இடம் நீலம், அடர்ந்த இடம் சிவப்பு. நடுவே, வாயு சட்டென்று அடர்த்தியாகும் எல்லைபோல், மஞ்சளாக ஒரு சுவர். அதுவரை யாரும் பார்க்காத சுவர்! அதை நம்பித்தான் என் ஆய்வே நின்றது. அடுத்த வாரம் கருத்தரங்கு.

நீ குனிந்து பார்த்தாய், தள்ளி நின்றும் பார்த்தாய்.

"சுவரு எங்கடா இருக்கு?"

"ஒனக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணு. ரயில்வே கண் டெஸ்ட்லயே ஒன்னைய வெளிய அனுப்பிட்டாங்க. ஒன்கிட்ட வந்து காட்டுனேன் பாரு!"

நீ கோபிக்கவில்லை. கருப்பு வெள்ளை ஸ்கேன் படங்களைக் கணினியில் முப்பரிமாணமாக்கும் வேலை பார்த்தவன் நீ. "சரி, எனக்குத்தான் தெரியல. கலரை எடுத்துட்டுக் கருப்பு வெள்ளையில போடு. நெசமா இருந்தா சுவரு எங்கிட்டும் போயிராது" என்று சிரித்தாய்.

லேப்டாப்பைத் திறந்து போட்டேன். சுவர் இல்லை. எண்கள் சீராகத்தான் ஏறிக்கொண்டிருந்தன. பச்சை மஞ்சளாக மாறும் இடத்தில் என் கண்தான் சுவர் எழுப்பியிருந்தது. பேனரைச் சுருட்டி மூலையில் போட்டேன்.

"அட, விடுறா. இனிமேத்தான் படமே இருக்கு" என்று லேப்டாப்பை உன் பக்கம் இழுத்தாய். ஒரே நிறத்தில் வெளிச்சத்தை மட்டும் படிப்படியாக ஏற்றினாய். மேலே மூடிக் கிடந்த மெல்லிய வாயுவைக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டு, படத்தை மெல்லத் திருப்பினாய். உள்ளே இழை இழையாக வாயு நடுப்பகுதிக்கு இறங்குவது தெரிந்தது. எந்த நிறத்தில் போட்டாலும் அந்த இழைகள் அங்கேயே இருந்தன. உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டு அலுத்துப்போனார்கள்.

கருத்தரங்கில் இழைகளைத்தான் காட்டினேன். முன்வரிசையில் ஒரு அம்மையார் எழுந்து, நிறத்தை மாற்றினாலும் இது நிற்குமா என்று கேட்டார். நிற்கும் என்றேன். இன்று நான் பார்க்கும் வேலை அன்று கிடைத்த நல்ல பெயரால் வந்தது. நேரில் நன்றி சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பாய். இப்போது சொல்கிறேன், நன்றிடா.

இன்னமும் எந்தப் படத்தையும் நிறத்தை எடுத்துவிட்டுத்தான் முதலில் பார்க்கிறேன். "யாருக்காக சார் இவ்வளவு மெனக்கெடுறீங்க?" என்று போன வாரம் உடன் வேலை பார்ப்பவர் கேட்டார்.

"என் மாப்ளைக்குத் தெரியணும்ல" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.