இன்றைய தேதி எழுதிய சீட்டு

மே 6, செவ்வாய்

லான்சர் கார் இன்றும் ஷெட்டை விட்டு நகரவில்லை. மனோகரன் சார் கொரட்டூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

"நஜீர் பாய், ஜூன் இருபதோட ஆர்.சி. முடியுது. அதுக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஓட்டிக் காட்டினா இன்னும் அஞ்சு வருஷம். இல்லன்னா எடைக்குப் போட்டுடுங்கன்னு என் பொண்ணு சொல்லிட்டா."

"ஓட்டிக் காட்டலாம் சார்" என்றார் அத்தா. எதை நம்பிச் சொன்னாரோ. போயிருப்பது டிஸ்ட்ரிபியூட்டர். என்ஜினில் நாலு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்ட் கொடுக்கிற சாமான். புதிதாக எங்கேயும் வருவதில்லை. பழைய சாமான் விற்கும் புதுப்பேட்டையில் அத்தா மூன்று நாள் அலைந்தும் பழசுகூட இல்லை. திருவள்ளூரில் செய்த வண்டி இது. நம் சென்னீர்குப்பத்திலிருந்து எவ்வளவு தூரம்? ஆனால் சாமான் இல்லை.

சாயங்காலம் அத்தா போனை என் கையில் கொடுத்து, "வெளிநாட்ல விக்கறாங்களாமே, பாரேன்" என்றார்.

மே 9

அம்மா பேச்சை ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டு பானுப்பிரியா அக்கா வேலை பார்க்கும் அம்பத்தூர் தையல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். "பதினேழு வயசுப் பொண்ணு மெக்கானிக் ஷெட்ல உக்காந்து போனைத் தேச்சுக்கிட்டு இருந்தா என்ன அர்த்தம்?"

அத்தா எனக்காகப் பேசினார். கடைசியில் அம்மா சொன்னது: "சரி, அவ தேடற சாமான் வந்து அந்தக் கார் ஓடினா, அவ ஷெட்லயே இருக்கட்டும். ஓடலன்னா ஜூலை ஒண்ணாந்தேதி கம்பெனிக்குப் போகணும்."

ஒரே ஹாலில் முந்நூறு பேராம். நாற்பது பேர் இருந்த வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வாய் வராமல்தானே பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டேன்.

மே 13

இங்கிலாந்து ஆள் ஒருவர், சாமான் இருக்கிறது, பணம் அனுப்பு என்கிறார். படம் பளபளவென்று இருந்தது. அதே படத்தை வேறு இரண்டு கடைகளிலும் பார்த்தேன். யோசித்து ஒன்று கேட்டேன்: ஒரு சீட்டில் இன்றைய தேதியும் என் பெயரும் எழுதி, சாமான் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.

ஆள் காணாமல் போய்விட்டார்.

எழுத்தில் எவ்வளவு தைரியமாகக் கேட்கிறேன்! எதிரில் அவர் நின்றிருந்தால் தலையாட்டியிருப்பேன்.

மே 15

மலேசியா, ஈப்போ. லிம் என்பவர் பழைய கார்களைப் பிரித்து விற்கிறார். நான் கேட்ட அரை மணியில் படம் வந்தது. எண்ணெய்க் கறை படிந்த டிஸ்ட்ரிபியூட்டர், பக்கத்தில் அட்டைத் துண்டு, தேதி, அதன் கீழே பெரிய எழுத்தில் என் பெயர். எங்கோ ஒரு ஊரில் யாரோ உட்கார்ந்து என் பெயரை எழுதியிருக்கிறார். அந்தப் படத்தை மட்டும் நாலு தடவை திறந்து பார்த்தேன்.

அப்புறம் அவர் போன் செய்தார். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். "சார், எழுத்து மட்டும்" என்று அனுப்பினேன். கட்டைவிரல் படம் வந்தது.

மே 17

நம்முடைய பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் நம்பர் அழுக்கில் தெரியவில்லை. பெட்ரோலில் டூத் பிரஷை நனைத்துத் தேய்த்தேன். முழுக்கக் கறுப்பு, நம்பர் இருக்கும் ஒரு விரல் இடம் மட்டும் வெள்ளிபோல ஆனது. லிம்முக்கு அனுப்பினேன்.

பதில் வந்தது. எல்லாம் பொருந்தும், ஒன்றைத் தவிர. அடியிலுள்ள சின்னப் பல்சக்கரம் அவர்கள் ஊர் என்ஜினுக்கு வேறு மாதிரி. "உங்கள் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் பல்சக்கரத்தைக் கழற்றி இதில் மாட்ட வேண்டும்."

அத்தா ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வண்டிக்காரர் பக்கத்திலேயே நின்றார். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம்.

மே 20

பணம் அனுப்பியாயிற்று. பட்டனை அழுத்தும் முன் அத்தா பிஸ்மி சொன்னார். நான் இரண்டு தடவை சொன்னேன்.

ஜூன் 5, வியாழன்

பெருநாளுக்கு ஷெட்டைச் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு வருஷமும் செய்வதுதான். உடைந்தது, தேய்ந்தது எல்லாம் சாக்கில் போய்விடும். காயலான் கடை குப்பம்மா அக்காவின் மீன்பாடி வண்டி வாசலில் நின்றது. அத்தா அலமாரியைத் துடைத்துக்கொண்டே பழைய டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துச் சாக்கில் போட்டார்.

பார்த்தேன். அத்தாவைச் சுற்றி நாலு ஆம்பளைங்க, சிரிப்பும் பேச்சுமா. ஒரு வார்த்தைதான். "அத்தா, அது வேணும்." அவ்வளவுதானே? வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்துச்சு. ஒருத்தர் திரும்பிப் பார்த்தார், நான் துடைப்பத்தை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டேன்.

வெளியே வந்தப்ப வண்டி இல்ல.

ஏன் அன்னிக்குச் சாயங்காலமே சொல்லல? இன்னிக்கு ஏன் அந்த வண்டி பின்னால ஓடல?

ஜூன் 7

பெருநாள். எல்லாரும் வந்தார்கள். பிரியாணி இறங்கவில்லை. அத்தா கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

ஜூன் 11

கஸ்டம்ஸில் காகிதம் கேட்டார்கள். அனுப்பினேன். ஒருவேளை பல்சக்கரம் பொருந்திவிடும். லிம்முக்குத் தெரியாமல் இருக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

பெட்டி வந்தது. மூன்று சுற்றுச் சீன நியூஸ் பேப்பர், உள்ளே கழுவித் துடைத்த டிஸ்ட்ரிபியூட்டர். அத்தா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அடியைத் திருப்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. லிம் சொன்னது சரி.

"பல்லு வேறம்மா. பழசுல இருக்கறதைக் கழட்டி..." என்று அலமாரிப் பக்கம் திரும்பினார். கை காலி இடத்தில் நின்றது.

சொல்லிவிட்டேன். லிம் எழுதியது, மே பதினேழு, சாக்கு, எல்லாம். அழவில்லை, ஆனால் குரல் எனக்கே கேட்கவில்லை. அத்தா இரண்டு தடவை "என்னம்மா?" என்று கேட்க வேண்டியிருந்தது.

திட்டியிருந்தால் பரவாயில்லை. "நான்தானே எடுத்துப் போட்டேன்" என்றார். அப்புறம், "என்கிட்டகூடவா பயம்?"

பதினொரு நாள் ஆகிவிட்டதாம். அலுமினியம் என்பதால் உருக்கப் போயிருக்குமாம். நாளைக் காலை திரும்பவும் புதுப்பேட்டைக்குப் போகிறார்.

ஜூன் 17, செவ்வாய்

அத்தா கிளம்பியதும் நானும் கிளம்பினேன். அம்மாவிடம் ஷெட்டுக்கு என்று சொன்னேன். ஷெட்டைத் தாண்டி நடந்தேன்.

குப்பம்மா அக்கா தராசுப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார். ஆட்கள் தகரம் அடித்து நசுக்குகிற சத்தம். நான் பேசியது எனக்கே கேட்டிருக்காது.

"இன்னா பாப்பா, வாய்ல கொழுக்கட்டையா? கத்திச் சொல்லு!"

திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். திரும்பினால் லான்சர் இதே கடைக்கு முழுசாக வந்து சேரும்.

"நஜீர் பாய் பொண்ணு! எங்க டிஸ்ட்ரிபியூட்டர் இங்க வந்துடுச்சு! எனக்கு அது வேணும்!"

சத்தம் நின்றுவிட்டது. என் குரல்தானா அது? எல்லோரும் என்னையே பார்த்தார்கள். குப்பம்மா அக்கா சிரித்தார். "அடியாத்தாடி, இம்மாம் சவுண்டை எங்க வெச்சிருந்த? பாய் பொண்ணு ஊமைன்னுல்ல நெனச்சிகினு கீறேன்."

அலுமினியம் இன்னும் போகவில்லை. லாரிக்காரன் பெருநாளுக்கு ஊருக்குப் போனவன் இன்றைக்குத்தான் மதியம் வருகிறானாம். பின்னால் குவியல், என் உயரத்துக்கு. பாத்திரம், ஃபேன் இறக்கை, பிஸ்டன்.

"எப்டி கண்டுபிடிப்ப? எல்லாம் ஒரே கறுப்பாத்தான் கீது."

"நம்பர் இருக்கற இடம் மட்டும் வெள்ளையா இருக்கும். நான்தான் தேய்ச்சேன்."

அவரும் புடவையைச் சொருகிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு மணி நேரம். விரலில் ரத்தம். சாமான் என் கண்ணில் படவில்லை, அவர் கண்ணில்தான் பட்டது. "ஏய், பல்லு வெளக்கின மாரி ஒண்ணு கீதே, இதுவா பாரு?"

அதுதான். பல்சக்கரத்தில் ஒரு பல்கூட உடையவில்லை. எடைக்கு என்ன உண்டோ கொடுக்கிறேன் என்றேன். "போ போ, பிரியாணி குடுக்காம ஏமாத்துனீங்கள்ல, அடுத்த பெருநாளுக்குக் குடு."

அத்தா மதியம் வெறுங்கையோடு வந்தார். மேஜை மேல் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், டெட்டால் எடுக்கப் போனார்.

ஜூன் 18

பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஊசியைத் தட்டி எடுத்து, சக்கரத்தை மாற்றி, பூட்டினோம். முதல் சாவிக்கு இருமியது. இரண்டாவதற்குப் பிடித்துக்கொண்டது. அத்தா கண்ணை மூடிக் கேட்டார். நாலு பிளக்கும் அடிக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

ஜும்மாவுக்கு முன்னாலேயே மனோகரன் சார் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து நேராக ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். பாஸ். கூட மகளும் வந்திருந்தார். "அப்பா இதை விக்கவே மாட்டாரு போல" என்று சலித்துக்கொண்டார். ஆனால் திரும்பும்போது அவர்தான் ஓட்டினார்.

அம்மா கம்பெனிப் பேச்சை எடுக்கவில்லை. ஷெட்டுக்கு என் டிபன் பாக்ஸைத் தனியாகக் கட்டிக் கொடுத்தாள்.

ஜூன் 23

ஷெட் சுவரில் அத்தா பெயின்டில் எழுதியிருக்கிறார்: அதீபாவைக் கேட்காமல் பழசு எதையும் எடைக்குப் போடக் கூடாது. கோணல்மாணலாக. வருகிறவர்கள் எல்லாம் வாசிக்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது. அழிக்கச் சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன்

லிம்மிடமிருந்து செய்தி. அவர் ஊரில் ஒருவர் பழைய லான்சர் வைத்திருக்கிறாராம், இடது பக்கத்துப் பின் விளக்கு உடைந்துவிட்டதாம். "லான்சர் செய்த ஊர்தானே உங்களுடையது. கிடைக்குமா?"

குப்பம்மா அக்காவுக்குப் போன் செய்தேன். நானேதான். "ஒண்ணு கீது, ஆனா பல்பு இல்ல. மூட்டை கட்டறதுக்குள்ள ஓடியா" என்றார்.

கடைக்கு ஓடினேன். கீறல் இல்லாத விளக்கு. கழுவித் துடைத்து நாற்காலியில் வைத்தேன். படம் எடுக்கப் போனபோது கை நின்றது. அட்டைத் துண்டு ஒன்று கிழித்து, இன்றைய தேதி போட்டு, கீழே பெரிய எழுத்தில் லிம் என்று எழுதினேன். காற்றுக்கு அது பறந்துகொண்டே இருந்தது. குப்பம்மா அக்கா ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். படத்தில் அந்த விரலும் இருக்கிறது, சுண்ணாம்புக் கறையோடு.

அனுப்பிய ஒரு நிமிஷத்தில் போன் அடித்தது. மலேசியா நம்பர். எடுத்தேன்.